ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எதையும் மறைக்க மாட்டேன். சனிக்கிழமைதோறும் பள்ளியிலிருந்து எங்களை முதியோர் இல்லத்துக்குச் செய்தித்தாள் வாசிக்க அனுப்புகிறார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு பழைய லாரி டிரைவர். அப்பாவின் பீரோவில் இருக்கும் செய்தித்தாள் துண்டில் உள்ள அதே முகம், அதே வெட்டுப்பட்ட புருவம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அம்மாமேல் லாரியை ஏற்றியவர். இப்போது அவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

சொன்னேன். "நானா? நானாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டீ வந்ததும், "பிஸ்கட் இல்லையா?" என்றார்.

நீ ஏன் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதே இல்லை?

உன் எலிக்குட்டி

ஜூன் 19

எலிக்குட்டி,

வேலை முடிந்து வந்தால் பேனா பிடிக்கத் தெம்பு இல்லையடி. அவர் இரண்டு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டார். சொந்தப் பெயரே தெரியாதவரிடம் போய் யாரைத் தண்டிக்கிறாய்? வேறு யாருக்காவது வாசி.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

இன்றோடு ஐந்து முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் நடந்ததுபோல அழுகிறார். "என்ன பாப்பா படிச்சுக் காட்டுற, பெருசு இந்த அழுகை அழுவுது?" என்று நர்ஸ் கேட்டார். மரண அறிவித்தல்கள் என்றேன். பொய்தான்.

மறந்துவிட்டால், செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? நீயே சொல்.

எலிக்குட்டி

ஜூலை 17

கேட்டாய், சொல்கிறேன். அவர் போனில் பேசிக்கொண்டே ஓட்டியது உண்மை. அம்மாவின் கையை உதறிவிட்டு நடுரோட்டுக்கு ஓடியது நீ என்பதும் உண்மை. உன்னைப் பிடிக்கத்தான் அம்மா ஓடி வந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உனக்கு நாலு வயது, நினைவில்லை. அதனால்தான் அப்பாவும் நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

இதையே நானும் சனிக்கிழமைதோறும் உனக்கு எழுதவா?

அக்கா

ஜூலை 27

அக்கா,

இதை அவர் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன். "யாரும்மா நீ?" என்றார். கையை உதறிவிட்டு ஓடியதைச் சொன்னேன். லாரி வந்தது என்று மட்டும் சொன்னேன்; யார் ஓட்டியது என்று சொல்லவில்லை.

என் தலையைத் தடவினார். "நாலு வயசுப் புள்ளைக்கு என்னம்மா தெரியும்? உன்மேல ஒரு தப்பும் இல்ல. ஓட்டுனவன்தான் பாத்து வந்திருக்கணும்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஓட்டியது யார் என்று சொன்னேன்.

அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மதியத் தூக்கத்துக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.