இடுப்பில் முடிந்த சாமை

செம்மேடு,
3.6.2024

அன்புள்ள கலைமணி,

உங்கள் ஊரில் டவர் கிடைக்காததால் பஸ் கண்டக்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல சேதி! அங்கன்வாடிப் பணியாளராக உன்னை உயர்த்தச் சொல்லி அதிகாரிக்கு எழுதிவிட்டேன். டீச்சர் ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. உதவியாளரான நீயே சமைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, எடையும் போடுகிறாய். அப்படியும் எடை குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. சேந்தமங்கலத்தில் நான் நடத்தும் பணியாளர் பயிற்சியில் உன் பெயரைச் சொல்லாத நாளில்லை, போ!

அன்புடன்,
பிரிசில்லா,
மேற்பார்வையாளர்


ஆலத்தூர் நாடு,
9.6.2024

மேடம், வணக்கமுங்க.

உங்க லெட்டரைப் படிச்சதுலருந்து சோறு எறங்கலைங்க. வெறும் புள்ளையத் தராசுல ஏத்துனா கண்ணு பட்டுரும்னு, இடுப்புல ஒரு படி சாமையை முடிஞ்சுதான் இங்க ஏத்துவாங்க. நானும் இந்த மலைக்காரிதானுங்களே, எம் புள்ளையும் அப்படித்தான் ஏறுச்சு. உதவியாளருக்கு எடை போடப் பயிற்சி இல்லீங்க. தராசு காட்டுனதை அப்படியே எழுதிட்டேன்.

கருப்பண்ணன் மக குச்சியாட்டம் இருக்கறா, நோட்டுல மட்டும் சரியா இருந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சது. சாமையை அவுக்க ஒருத்தியும் சம்மதிக்கலை. வேற ஒரு படி சாமையைத் தனியா எடை போட்டு, ஒவ்வொரு புள்ளைக்கும் அதைக் கழிச்சேன். மூணு புள்ளைங்க எடை குறைவுங்க.

எம் பேரை அடிச்சிருங்க மேடம். ஆனா அந்த மூணு சாமிகளுக்கும் சத்துமாவு கூட வேணும், உடனே அனுப்புங்க.

இப்படிக்கு,
கலைமணி


செம்மேடு,
28.6.2024

என் அருமைக் கலைமணி,

சத்துமாவு வந்து சேர்ந்திருக்கும். உன் கடிதத்தை முதல் தரம் படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தரம் வெட்கமாகிவிட்டது. இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, பயிற்சியும் தராமல், பாராட்டை மட்டும் அள்ளித் தந்தேனே! பதினெட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எடை போடும்முன் செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன், இடுப்பைப் பார்க்கச் சொன்னதே இல்லை.

உன் பெயரைச் சொல்லாமல் கடிதத்தைப் பயிற்சியில் வாசித்தேன்.  முடித்ததும் இன்னொரு மையத்துப் பணியாளர் பாப்பாத்தி எழுந்து, "எங்க மையத்துலயும் அப்படித்தானுங்க" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பேர் எழுந்தார்கள். அந்த ஏழு மையங்களிலும் நீ செய்தபடி மறுபடி எடை போட்டோம். பத்தொன்பது பிள்ளைகள், கலைமணி! அவர்களுக்கும் சத்துமாவு போய்விட்டது.

அதிகாரி உன் கோப்பைத் தள்ளிவைத்து, "எடை குறைஞ்ச பிள்ளைங்க இருக்கிற மையத்துக்கா பதவி உயர்வு?" என்று கேட்டார். "இல்ல சார், இருபத்திரண்டு பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சவளுக்கு" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உத்தரவு இத்துடன் இருக்கிறது. திங்கட்கிழமை ஓர் உதவியாளர் வருகிறாள். அவளுக்கு முதலில் எடை போடக் கற்றுக்கொடு.

உன்,
பிரிசில்லா