சொல்யூஷன் டப்பா பக்கத்து நாற்காலி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. வாலு நேற்று வகுப்பில் ஒரு பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். ஏழு வயதில் இது மூன்றாவது பள்ளிக்கூடம். "வீட்ல கண்டிக்கிறதே இல்லையா?" என்றார் டீச்சர். என் மாமியார் அதையே வேறு ராகத்தில் பாடுகிறார்.

டாக்டர் மட்டும் என்னைக் கேட்டார், இவள் வயிற்றில் இருந்தபோது எங்கே வேலை பார்த்தேன் என்று. செருப்புக் கம்பெனியில், அடி ஒட்டும் சொல்யூஷன் டப்பா பக்கத்து நாற்காலியில் என்றேன். அந்த நெடி தாயின் ரத்தம் வழியாகப் போய்க் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடுமாம். பின்னால் அது நிலைகொள்ளாமையாக, மூர்க்கமாக வெளிவரலாமாம். இவளுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை.

தலை சுற்றுகிறது என்றபோதெல்லாம் மசக்கை என்றாய். ஏழாம் மாதத்திலும்.

இப்போது அந்த நாற்காலியில் யார்?

உன் தங்கை

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

பிள்ளைத்தாய்ச்சி நின்றுகொண்டே வேலை பார்க்கக் கூடாது என்று மேனேஜரோடு மல்லுக்கட்டி வாங்கிய நாற்காலி அது. சூப்பர்வைசர் தங்கை என்று முதலில் உனக்குத்தான் தந்தேன். மெத்தைகூட நானே தைத்தேன். இப்போது ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள், வயிற்றில் ஐந்து மாதம். எழுப்பினால் எங்கே போவாள்?

டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். வாலுவுக்குச் செல்லம் அதிகம், அவ்வளவுதான்.

அக்கா

ஜூன் 16

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன்.

நெடி தாங்காமல் மற்றவர்கள் உட்கார மறுத்த இடம் அது. அங்கேதான் பிள்ளைத்தாய்ச்சிகளான எங்களை நீயும் மேனேஜரும் மெத்தை போட்டு உட்கார வைத்தீர்கள். கம்பெனிக்கு நெடியை வெளியே தள்ளும் ஒரு காற்றாடிச் செலவு மிச்சம்.

ராத்திரி வாலு கேட்டாள்: "நான் மட்டும் ஏம்மா இப்படி இருக்கேன்?" என் வளர்ப்பு என்று சொல்லவா, உன் மெத்தை என்று சொல்லவா?

அந்தப் பெண் எழுந்திருக்கும்வரை எனக்கு எழுதாதே.

ஜூன் 29

தங்கைக்கு,

அவளைப் பெட்டி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டேன். "இருந்த சொகுசையும் பிடுங்கிட்டீங்களேக்கா" என்று முறைத்துக்கொண்டே போனாள். அப்போது சொல்யூஷன் யார் தடவுவது என்று மேனேஜர் கேட்டார். காற்றாடி வரும்வரை நான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானமே தலை சுற்றியது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஏதடி மசக்கை?

அக்கா