சாமியிடம் இருந்த கிரேன் சாவி

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கோட்டுப் போட்ட ஃபைனான்ஸ்காரன் ஒருவன், நன்றாக ஓடுகிற ஃபாக்டரியை வாங்கி மெஷின் மெஷினாகக் கழற்றி விற்பானே, அந்தக் காமெடிப் படம்தான். வேப்பம்பட்டில் ஏறிய நான் கும்மிடிப்பூண்டி வரை கண் மூடவில்லை. பக்கத்து சீட்டில் நீ இல்லாமல் சிரிக்க ஒரு மாதிரியாக இருந்தது.

திருவள்ளூர் தியேட்டரில் நாம் பார்த்தது பாதிதானே. ஆட்கள் லீவில் போன நேரம் பார்த்துக் கோட்டுக்காரன் மெஷினைத் தூக்குவான். நீ சீட்டு மேலேயே ஏறிவிட்டாய். "டேய், எங்கடா போய்த் தொலஞ்சீங்க? மெஷின தூக்கினு போறான்டா!" இடைவேளையில் நம் இருவரையும் வெளியே தள்ளினார்கள். எனக்கு மானம் போச்சு. உனக்கோ மெஷின் போன கவலை.

நம் கம்பெனியையும் அப்போதுதான் ஒரு கோட்டுக்காரர் வாங்கியிருந்தார். தகடு அடிக்கிற பெரிய பிரஸ் போனால் நம் வேலையும் போச்சு. ஆயுத பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். நீ நகரவில்லை, என்னையும் விடவில்லை. "படத்துல இன்னா ஆச்சுன்னு பாத்தியா இல்லியா?" பைத்தியக்காரா என்று திட்டி நான் வாய் மூடவில்லை, கேட்டில் கிரேன் வந்து நின்றது. பின்னாலேயே காரில் கோட்டுக்காரர்.

நீ சண்டைக்குப் போகவில்லை. நேரே கிரேன்காரரிடம் போனாய். "இன்னா நைனா, இன்னிக்குக் கூட வண்டிக்கு ஒரு பொட்டு வெக்கலியா?"

"எங்க உட்டாங்க? காலைலேந்து ஓட்டிக்கினே கீறேன்." மனுஷன் அழாத குறை.

அவ்வளவுதான். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் என்று கிரேனுக்கு அமர்க்களமாகப் பூஜை போட்டாய். சாவியையும் வாங்கி சரஸ்வதி படத்தின் முன் வைத்துவிட்டாய். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் யார் எடுப்பது? கோட்டுக்காரர் சாவி கேட்டுக் கத்தினார். கிரேன்காரர் சுண்டலை மென்றுகொண்டே சொன்னார்: "சாமிகிட்ட கீது சார். நாளிக்கித்தான் குடுக்கும்."

அதற்குள் நீ ஊரெல்லாம் போன் போட்டாய். விடிந்தபோது எல்லா ஷிப்ட் ஆட்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் வெறுமனே திரும்பிப் போனது. அந்த பிரஸ்ஸில்தான் இன்றும் எனக்குச் சோறு.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டாய்: "அந்தப் படம் முடிவு இன்னாடா?" எனக்கு மட்டும் தெரியுமா? "கோட்டுக்காரன் கேன்டீன்ல டம்ளர் கழுவுறான்" என்று அளந்துவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா ஓடி வந்தார். நான் கடைசியாகக் கேட்ட உன் சிரிப்பு அதுதான்.

இன்று முழுசாகப் பார்த்தேன். அவன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுகிறான். பஸ்ஸே சிரித்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது. போடா, இதெல்லாம் ஒரு முடிவா?

இறங்கினால், கேட்டில் எதற்கோ ஒரு கிரேன் நிற்கிறது. உன்னால் என் சட்டைப் பையில் எந்நாளும் குங்குமப் பொட்டலம் கிடக்கிறது. ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.