சங்கு கெடுத்த பாட்டு

கடலூர்
20.1.2010

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தப் பனியில் சளி பிடிக்காமல் இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

சுரங்கத்தை மூடி, காலனியையும் இடித்த பிறகு ஆளுக்கொரு மூலையாகப் போனோமே, நம் பக்கத்து வீட்டுப் பக்கிரி மாமா அந்தச் சனங்களையெல்லாம் தேடிப்பிடித்து, வடலூரில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து நினைவுக்கூடம் வைத்திருக்கிறார். தொப்பி, கம்பூட்ஸ், கல்யாண போட்டோ, என் கரியடுப்பு வரைக்கும் அங்கே போயாச்சு. ஷிப்டுக்கு ஊதும் சங்கு மட்டும் கிடைக்கவில்லை, எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். கம்ப்யூட்டரில் ஏதோ சத்தம் எடுத்துவந்து போட்டார்கள். உன் அப்பா, "இது ஆம்புலன்ஸுடா. எனக்கு சங்கு ஊதுறதுக்குள்ள நம்ம சங்க ஒருதடவ கேக்கணும்னு பாத்தேன், அது இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு" என்று முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். திறப்பன்று, கூட வேலை பார்த்த அத்தனை பேரும் கூடும் நாளில் இந்த மனுஷன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே என்று எனக்கு ஆறவில்லை. இன்னொரு தடவை எல்லாரும் கூடும்போது யார் யார் இருப்போமோ.

போகிக்கு வீட்டை ஒழித்தபோது பரணில் உன் கேசட் கிடைத்தது. ரெண்டாவது படிக்கும்போது ஆண்டுவிழாவுக்காக நீ பாடினதை அப்பா டேப்பில் பிடித்தாரே, நடுவில் சங்கு ஊதி, பாட்டு கெட்டுப்போச்சு என்று தரையில் புரண்டாயே, அதேதான்! போட்டுக் காட்டினேன். மனுஷன் கேசட்டை உருவி எடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

காணும் பொங்கலன்று திறப்பு. முதலில் உன் பாட்டு, அப்புறம் சங்கு. அடி ஆத்தாடி, உட்கார்ந்திருந்த கிழவர்கள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றுவிட்டார்கள், பக்கிரி மாமா செருப்பைத் தேடுகிறார். நான் மட்டும் என்ன யோக்கியம், பக்கத்திலிருந்த நம்ம காலனி லோகநாயகியிடம் "ஐயய்யோ, இன்னும் சோறு வடிக்கலியே" என்று பதறினேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்து, சிரித்தபடியே கண்ணையும் துடைத்துக்கொண்டோம். அதற்குள் டேப்பில் உன் அழுகை, "அம்மா, அந்தச் சங்க நிறுத்தச் சொல்லும்மா!" சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது போ. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாப்பாவுக்கு வாரம் ஒருதடவையாவது எண்ணெய் தேய்த்துவிடு, சோம்பல்படாதே. மூணு பேரும் குறையில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, அன்றைக்கு அழுததோடு சரி, நீ பாடி முடிக்கவே இல்லை. கேட்கிற சனமெல்லாம் மீதி எங்கே என்கிறார்கள். லீவுக்கு வரும்போது வடலூருக்கு வந்து பாடிவிட்டுப் போ. இந்தத் தடவை எந்தச் சங்கும் குறுக்கே வராது.

இப்படிக்கு,
உன் அம்மா
தில்லையம்மாள்