எலிமருந்தும் எல்லை வேலியும்

மச்சான்,

இன்று காலை அடுப்படியில் கருவாடு சுட்ட மணத்துக்கு எங்கள் நாய் கறுப்பன் முற்றத்திலிருந்து எழும்பி வந்து வாசலில் நின்றான். வயது போய்விட்டது, மூக்கு மட்டும் குறையவில்லை. அவனைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது.

அன்றும் சுட்ட கருவாடுதான். எங்கள் ஊர் நீர்வேலியில் வாழைத்தோட்டத்து எலிகளுக்கு அதற்குள் மருந்தைப் பொதிந்து வைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கிடந்த ஒன்றை, வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்த கறுப்பன் விழுங்கிவிட்டான். கனடாவுக்குப் போன மகள் எங்களிடம் விட்டுப்போன நாய். அவளுக்கு என்ன சொல்வது என்று நான் நிற்க, மனைவி உப்புத்தண்ணீர் கரைத்தாள். கூடிய அயலவர்கள் தேங்காய்ப்பால் பருக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியராக இருந்த உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

தோட்டக்காரர் வேண்டுமென்றே வைத்துவிட்டார் என்றுதான் முதலில் சொன்னேன். எல்லை வேலியால் அவரோடு கனகாலம் கதை பேச்சில்லை. போதாததற்கு, நான் பத்திரிகைச் செய்திக்காரன்; என் வாயில் ‘ஆர் செய்தது’ என்பதுதான் முதலில் வரும். நீ அதைக் காதில் வாங்கவில்லை.

“வாய்க்குள்ளை ஒண்டும் ஊத்தாதை. உப்புத்தண்ணியும் நஞ்சுதான். ஆர் வைச்சதெண்டு பிறகு பாப்பம். என்ன மருந்தெண்டு போய்க் கேள். மருந்துப் பெட்டியோடை நாயைக் கொண்டு வா.”

நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்தாளின் படலை வாசலில் போய் நிற்கவேண்டுமா என்று இழுத்தேன்.

“நல்லா நிக்கேக்கைதான் கொண்டு வரவேணும். சில மருந்து நாள் கழிச்சுத்தான் வேலை காட்டும். அப்ப நீ கும்பிட்டுக்கொண்டு வந்தாலும் காணாது.”

போனேன். தான் ஒன்றும் வைக்கவில்லை என்றார் அவர். நாய் செத்தால் பழி தன் தலையில் விழும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

“சண்டைக்கு வரேல்லை அண்ணை. என்ன மருந்தெண்டு தெரிஞ்சா நாய் தப்பும்” என்றேன்.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். ஓட்டோவில் கறுப்பனை மடியில் வைத்துப் பிடித்து வந்ததும் அவர்தான்.

நீ பெட்டியை வாசித்தாய். இரத்தத்தை உறையவிடாத மருந்து என்றாய். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தாய். பிறகு கிழமைக்கணக்கில் விழுங்கக் குளிசை தந்தாய். நாங்கள் வீட்டுக்குப் புறப்படும்போது எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாய். “உங்கடை வேலிக்கு என்னட்டை மருந்தில்லை.”

வேலிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் உன் செத்தவீட்டுக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். இப்போதும் விபத்து, அடிபிடி என்று செய்தி எடுக்கப் போனால் ‘ஆர்’ என்பது நாக்கு நுனிக்கு வரும். அதை நிறுத்திவைத்து, விழுந்து கிடப்பவருக்கு இப்போது என்ன தேவை என்று முதலில் கேட்கிறேன். இந்த ஒழுங்கு நீ தந்தது.

அந்தக் கருவாட்டை அவர் வேண்டுமென்றுதான் வைத்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் படவில்லை. நாய் தப்பியதற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன். நீ தந்த அந்த ஒழுங்குக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.