ஈரச் சாக்கு மாட்டிய ஜன்னல்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயில்.

அன்புள்ள மோகன்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நலம், இதை வழக்கத்துக்காக எழுதவில்லை கண்ணா, நிஜமாகவே நலம், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். உனக்கும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் ஊர்த் தெய்வம் தேசம்மா பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்லக் கூடாதா என்பாய், போனைத்தான் உன் நைனா என் கையிலிருந்து பிடுங்கி, லேசான காய்ச்சல், சரியாகிவிட்டது என்று முடித்துவிட்டாரே. லீவில் வந்த உதயா நாளைக்குத் திரும்ப குவைத் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இதை யாரும் பிடுங்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி. வெயில் காலத்தில் காற்று பட்டால் நூல் காய்ந்து அறுந்துகொண்டே இருக்கும் என்று நம் தெருவில் விசைத்தறி ஷெட்டின் கதவு ஜன்னலை மூடி, ஃபேனையும் நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே நின்று ஓட்டுவார்களே, உன் நைனாவும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். தரைக்குக் குடம் குடமாக ஊற்றியவர் தன் வாயில் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ளவில்லை, குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டும், தறி நிற்குமாம். மதியம் சோற்றுக்குக் கூப்பிடப் போனேன், "வேர்வையே இல்ல பாத்தியா, ஒடம்பு பழகிக்கினு போச்சு" என்று பெருமையடித்தார், நானும் நம்பிவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது, ஊடை நூல் தீர்ந்திருக்கும், மாற்றிப் போடுவார் என்று இருந்தேன், அடுத்ததும் நின்றது, அதற்கடுத்ததும் நின்றது, கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். தரையில் கிடந்தார், தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது, என்னைப் பார்த்து, "மோகனா, வந்துட்டியா" என்கிறார்.

எதிர்வீட்டுத் தணிகைவேல்தான் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டான். சட்டையைக் கழற்றி, ஈரத்துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறினோம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆம்புலன்ஸ்காரர் போனிலேயே சொன்னார், நீயும் இதைத் தெரிந்துவைத்துக்கொள். திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வடதெப்ப என்று தெலுங்கில் சொன்னார், வெயில் அடித்துப்போட்டதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வியர்வை நின்றது உடம்பு பழகி இல்லையாம், முடியாமல் கைவிட்டதாம். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார், நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அது போகட்டும், இனிமேல்தான் நல்ல சேதி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர் ஷெட்டைப் பார்க்கப் போனார், நான் அதற்குள் ஜன்னலைத் திறந்து நனைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். "நூலு மொத்தம் அறுந்து போவட்டும்னு பண்றியா" என்று கத்தினார். காற்று ஈரமாகத்தானே வருகிறது, நீங்களே பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தணிகைவேலைத் தறி ஓட்டச் சொன்னேன். சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தார், நூல் வழக்கத்தைவிடக் கூடுதலாக அறுபடவே இல்லை. இப்போது தெருவெல்லாம் அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், திரியட்டும், அவர் திரிவதைப் பார்ப்பதே எனக்குப் போதும். முக்கால்வாசி வீட்டு ஜன்னலில் சாக்கு தொங்குகிறது. அதைவிடப் பெரிய சேதி, கோயிலில் எல்லாரும் கூடிப் பேசி, விடியற்காலையிலேயே தறி போடுவது, உச்சி வெயிலில் நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது, நூல் கொடுக்கிற முதலாளியும் தலையாட்டிவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ஜூன் பிறந்தால்தான் அங்கே மதிய வேலையை நிறுத்துவார்கள் என்று சொன்னாய், அந்தச் சட்டம் மே மாத வெயிலுக்குத் தெரியுமா. மதியம் நிழலில் உட்கார விடச் சொல்லி மேஸ்திரியிடம் வாயைத் திறந்து கேள், வெட்கப்படாதே. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, தலை சுற்றினால் கையிலிருக்கிற கட்டடக் கம்பியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போ. உதயாவிடம் நம் தறித் துண்டும் மோர் மிளகாயும் கொடுத்திருக்கிறேன், துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள். ஒரு விஷயம் கேள், தறி நிறுத்திய முதல் நாள் உன் நைனா படுக்க மாட்டேன் என்றார், "புள்ள அங்க வெயில்ல நின்னுகினு கீறான், நான் இங்க படுத்துகினு இருக்கறதா" என்றார். அவனும் மதியம் நிழலில்தான் உட்காருகிறான் என்று நான் சொன்ன பிறகுதான் பாயை விரித்தார். அன்றிலிருந்து தினமும் மதியம் படுக்கும் முன்னால், "புள்ள நெழல்ல குந்திகினானா" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன், அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடுகிறார்.

தீர்க்காயுசாக, கைகால் சுகத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நாளை மதியமும் கேட்பார், நான் சொல்வது உண்மையாக இருக்கட்டும்.

உன் அம்மா,
நா. சுலோசனா