சந்தனம் தாதருக்கு வருகிறாள்

ராஜபாளையம்,
ஆடி 22, 1989

அன்பு மகன் வைகுண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாய் மழை உன்னைப் படுத்தாமல் இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. சந்தனத்தை இன்னும் ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று இதிலும் எழுதியிருக்கிறாய். இந்த வார்த்தையை எந்த வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனானோ ராசா, நம் ஊரில் உப்பைவிட இதுதான் அதிகம் செலவாகிறது. சில்லறை இல்லையென்றால் பலசரக்குக் கடை கருத்தப்பாண்டி இரண்டு மிட்டாயைப் போட்டுவிட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க என்கிறான். டிவியில் படம் ஆடினால் உன் அப்பா மாடியேறி ஆண்டெனாவை அட்ஜஸ்ட் செய்கிறார். ரவிக்கையை இறுக்கமாகத் தைத்துவிட்டு டெய்லரும் அதையே சொல்கிறான். நான் மட்டும் என்ன, கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் நீ ரயிலேறியபோது, தேம்பி அழுத உன் பெண்டாட்டியிடம் நானும் அதைத்தான் சொன்னேன்.

இது அவளுக்குத் தலை ஆடி. புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் அம்மா வேலுத்தாய் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். சந்தனம் சிரித்துக்கொண்டே, "அவிய இங்க இருந்தாத்தானம்மா பிரிக்கணும்?" என்றாள். சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் போன பிறகு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, மில்லுல முப்பது வருஷமா மெஷினை அட்ஜஸ்ட் பண்ணுதேன். ஸ்பேனரு வச்சு ஓரளவுக்குத்தான் முறுக்கலாம், மேல முறுக்குனா மரை போயிரும். அந்தப் புள்ளைய இன்னும் எம்புட்டு முறுக்குவிய, தாயும் மகனும்?" என்றார்.

முந்தாநாள் ஆண்டாள் தேர் பார்க்கப் போனேன். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக என்னை உட்காரவைத்து, செத்த அட்ஜஸ்ட் பண்ணுங்க ஆத்தா என்றான் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பாதி உடம்பு அந்தரத்தில். அரைமணி நேரத்துக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போனது, அந்தப் பிள்ளை ஏழு மாதமாக அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறாள். நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சந்தனத்திடம், ஆவணி பிறந்ததும் உன்னைப் பம்பாய்க்கு அனுப்புகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது என்ன தெரியுமா? "அத்தை, அங்க ரூம்ல அஞ்சு பேராமே, எத்தனை படி அரிசி வடிக்கணும்?" என் தங்கம், அப்போதுகூட அவள் உன் அறைக்குத் தோதாகத்தான் தன்னை மடக்கிப் பார்த்தாள்.

ஆகவே ஒண்டுக் குடித்தனமாக இருந்தாலும் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு அறை பார். ஆவணி ஆறாம் தேதி காலை அப்பா அவளைத் தாதர் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்குவார். அவருக்கு இந்தி தெரியாது, முன்னாடியே போய் பிளாட்பாரத்தில் நில். மறந்துவிடாதே, ஆறாம் தேதி. அறை சின்னது, தண்ணீர் வராது என்றெல்லாம் இனி எனக்கு எழுதாதே. நாங்கள் எல்லோரும் பண்ணியாகிவிட்டது, இனிமேல் நீ அட்ஜஸ்ட் பண்ணு ராசா. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு நூறு வருஷம் நல்லா இருங்க.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
அழகுத்தாய்